இழுக்கும் திறன் வேறு, தாங்கும் திறன் வேறு

மே மாத விக்டோரியா தினத்திலிருந்து செப்டெம்பர் தொழிலாளர் தினம் வரை, வெள்ளிக்கிழமை மாலைகளில் ரொறன்ரோவிலிருந்து வடக்கே போகும் 400ஆம் நெடுஞ்சாலையில் பயண ட்ரெய்லர்கள் வரிசைகட்டிச் செல்கின்றன. அவற்றை இழுக்கும் பிக்கப் ட்ரக்குகள், உற்பத்தியாளரே வகுத்த பார எல்லையைத் தாண்டி ஓடுவது சாதாரணமாகிவிட்டது. ஓட்டுபவருக்கு அது தெரியாது. விற்றவர் சொல்லவில்லை. சாரதி அனுமதிப்பத்திரம் வழங்கியவர்கள் அதுபற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பக்கத்து வழித்தடத்தில் வரும் காரில் இருப்பவர்களுக்கோ அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

நம் சமூகத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்காபரோவிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் ஏஜாக்ஸிலிருந்தும் கூடாரத்தோடு அல்கொன்குயின், சாண்ட்பாங்க்ஸ் பூங்காக்களுக்குப் போய்வந்த தமிழ்க் குடும்பங்கள் சில, பெருந்தொற்றுக் காலத்தில் விமானப் பயணம் நின்றபோது ட்ரெய்லர் வாங்கின. வட அமெரிக்கா முழுவதும் அப்போது நடந்தது அதுதான். 2021ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் பொழுதுபோக்கு வாகனங்கள் தொழிற்சாலைகளை விட்டு வெளியேறின. அதற்கு முன் எந்த ஆண்டிலும் அவ்வளவு இல்லை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சொந்த எஞ்சின் இல்லாத, இன்னொரு வாகனம் இழுத்தே செல்லவேண்டிய வகை. சக்கரத்தில் ஓடும் வீடு விற்றுப் போனது. அதை இழுக்கும் அறிவு கூடவே போகவில்லை.

பிக்கப் ட்ரக் விற்கப்படுவது ஓர் எண்ணைக் காட்டி. 5,000 கிலோ இழுக்கும், 6,000 கிலோ இழுக்கும் என்பதே விளம்பரத்தின் பெரிய எழுத்து. அந்த எண் பொய்யல்ல. வாகனப் பொறியாளர்கள் வகுத்த ஜே2807 என்னும் பொதுச் சோதனை முறை வந்த பிறகு, ஆளுக்கொரு கணக்கில் எண்ணை ஊதிப் பெருக்கும் வழக்கம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணை ஏற்றம் என்றொரு மலைப்பாதை இருக்கிறது. ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தூரத்தில் 900 மீட்டருக்கு மேல் உயர்கிறது. கொளுத்தும் வெயிலில், குளிரூட்டியை முழு வேகத்தில் ஓடவிட்டு, பாரத்தோடு மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம் குறையாமல் அதில் ஏறவேண்டும். எஞ்சினும் கியர்பெட்டியும் தேறுமா என்பதற்கு அது நல்ல பரீட்சை.

ஆனால் பரீட்சை எழுதும்போது ட்ரக்கில் இருப்பவர்கள் இரண்டே பேர். ஆளுக்கு 68 கிலோ என்பது கணக்கு. பின்னிருக்கையில் பிள்ளைகள் இல்லை, பாட்டி இல்லை. பின்பெட்டியில் மிதிவண்டி இல்லை, குளிர்ப்பெட்டி இல்லை, ஜெனரேட்டர் இல்லை. விடுமுறைக்குப் புறப்படும் எந்தக் குடும்பமும் இந்த நிலையில் புறப்படுவதில்லை. சோதனை முறையின் குறை என்று இதைச் சொல்ல முடியாது. எல்லா ட்ரக்குகளையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட ஏதோ ஓர் அடிப்படை வேண்டும். அந்த அடிப்படையை வாங்குபவரிடம் சொல்லாமல், கிடைத்த எண்ணை மட்டும் சொல்வதுதான் குறை.

குடும்பத்துக்கு வேண்டிய எண் வேறோர் இடத்தில் இருக்கிறது. சாரதியின் கதவைத் திறந்தால், கதவு மூடும் தூணில் டயர் அழுத்தத்தைச் சொல்லும் சிறிய ஒட்டுத்தாள் தெரியும். அதில், ஆட்களும் பொருட்களும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். அந்த ஒரு ட்ரக்குக்கென்றே, அது எப்படிக் கட்டப்பட்டு வெளியே வந்ததோ அதற்கேற்ப எழுதப்பட்ட எண் அது. ட்ரெய்லரின் முன்முனை, அதை ட்ரக்கோடு மாட்டும் ஹிட்ச் மீது அழுத்தும் பாரமும் அந்த எண்ணுக்குள் அடங்கவேண்டும். கையேட்டில் இது எழுதியே இருக்கிறது. அப்படி அழுத்தும் பாரத்தை மூக்குப் பாரம் எனலாம். பயண ட்ரெய்லருக்கு அது மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்கவேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விளம்பரத்தில் 5,000 கிலோ இழுக்கும் ட்ரக். கதவில் 680 கிலோ என்று எழுதியிருக்கிறது. அரை டன் எனப்படும் இலகு வகை ட்ரக்குகளில் இது அரிதான எண் அல்ல. ட்ரெய்லர் நிரப்பிய நிலையில் 3,200 கிலோ. விளம்பர எண்ணோடு ஒப்பிட்டால் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. விற்பவர் தைரியமாகக் கைகுலுக்கலாம். ஆனால் மூக்குப் பாரம் 13 விழுக்காடு என்றால் 416 கிலோ. அதற்குரிய ஹிட்ச் 45 கிலோ. மிச்சம் 219 கிலோ. தகப்பன் 80, தாய் 65, பிள்ளைகள் இருவர் 50, 40. இதிலேயே 16 கிலோ கூடிவிட்டது. 60 கிலோ எடையுள்ள பாட்டியை வீட்டில் விட்டுப்போக நம்மவர்க்கு மனம் வராது. பிரியாணிச் சட்டியும் கரி அடுப்பும் மிதிவண்டிகளும் குளிர்ப்பெட்டியும் ட்ரக்கின் பின்பெட்டியில் ஏறினால் இன்னொரு 100 கிலோ. எல்லையைத் தாண்டியது 176 கிலோ. ட்ரக் இழுத்துக்கொண்டு ஓடும். இழுக்கும் திறன் வேறு, தாங்கும் திறன் வேறு.

ட்ரக் சொகுசாகச் சொகுசாக அந்தக் கதவு எண் குறையும் என்பதையும் கடைகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கண்ணாடிக் கூரை, மின்விசையில் அசையும் தோல் இருக்கை, பெரிய சக்கரம் ஆகியவற்றின் எடை குடும்பத்தின் பங்கிலிருந்துதான் கழிகிறது. கரடுமுரடான பாதைக்கென்று மென்மையான ஸ்பிரிங் பொருத்திய வகைகளில் எண் இன்னும் இறங்கும். ஒரே பெயர், ஒரே ஆண்டு, ஒரே எஞ்சின் கொண்ட இரண்டு ட்ரக்குகளின் கதவு எண்கள் சில நூறு கிலோ வேறுபடலாம். காட்சிக்கூடத்தின் முன்வரிசையில் பளபளப்பாக நிற்பது பெரும்பாலும் குறைவாகத் தாங்குவது.

ட்ரெய்லர் பக்கத்திலும் இதே கதை. விளம்பரத்தில் வரும் எடை வெறும் ட்ரெய்லரின் எடை. தண்ணீர் இல்லை, எரிவாயு இல்லை, பெரும்பாலும் பற்றரிகூட இல்லை. 160 லிட்டர் தண்ணீர் என்றால் 160 கிலோ. வழக்கமான இரண்டு எரிவாயு உருளைகள் நிரம்பியிருந்தால் ஏறத்தாழ 50 கிலோ. பாத்திரம், படுக்கை, உணவு, மடக்கு நாற்காலிகள், ஒரு வாரத்துக்கான உடுப்பு. 2,600 கிலோ என்று படித்து வாங்கியது சாலையில் 3,200 கிலோவாக ஓடும். வாங்குபவர் பார்க்கவேண்டியது ட்ரெய்லரின் ஒட்டுத்தாளில் உள்ள உச்ச எடையை. அதைக் கொண்டே ட்ரக்கைத் தேரவேண்டும். நடைமுறை தலைகீழாக இருக்கிறது: முதலில் ட்ரக், பிறகு அது ‘இழுக்கக்கூடிய’ ஆகப் பெரிய ட்ரெய்லர்.

பாரம் கூடிவிட்டது என்று தெரிந்த பிறகு செய்யப்படும் திருத்தம் பல வேளைகளில் ஆபத்தைப் பெருக்குகிறது. மூக்குப் பாரத்தைக் குறைப்பதற்காகப் பொருட்களை ட்ரெய்லரின் பின்பக்கம் தள்ளுகிறார்கள். மாட்டுவண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இது விளங்கும்: பின்பாரம் ஏறினால் நுகம் மாட்டின் கழுத்தை விட்டு மேலெழும்பும், வண்டி மாட்டின் சொல் கேளாது. ட்ரெய்லரும் அப்படியே. பின்பாரம் கூடிய ட்ரெய்லரை ஒரு பக்கக் காற்றோ, வேகமாகக் கடந்துபோகும் பெரிய ட்ரக்கின் காற்றலையோ ஒருமுறை அசைத்தால் போதும். வால் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். வேகம் கூடக்கூட அந்த ஆட்டம் தானாக அடங்காது. ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிட அகலமாகும். ட்ரக்கின் பின்சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபடும். சில வினாடிகளில் இரண்டும் சேர்ந்து கவிழலாம்.

அந்தச் சில வினாடிகளில் சாரதியின் கால் தானாகப் போவது பிரேக்குக்கு. அது தவறு. ட்ரக் வேகம் குறைய, பின்னாலிருக்கும் ட்ரெய்லர் அதைத் தள்ளி மடக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பி ஆட்டத்தை முறியடிக்கப் பார்ப்பதும் தவறு. எஞ்சின் வேகத்தைக் கைவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தவேண்டும். சாரதியின் கைக்கெட்டும் இடத்தில் பொருத்தும் பிரேக் கண்ட்ரோலரில் அதற்கென்றே ஒரு நெம்பு இருக்கிறது. ட்ரெய்லர் பிரேக் பிடித்தால் கயிறு இழுபட்டதுபோல் இரண்டும் ஒரே நேர்கோட்டுக்கு வரும். இதை யாரும் சாலையில் சொந்தமாகக் கண்டுபிடிக்க முடியாது. யாராவது சொல்லித்தரவேண்டும். சொல்லித்தரும் கடமை இன்று யாருக்கும் இல்லை.

உபகரணங்களிலும் அதே குழப்பம். கனத்த ட்ரெய்லரின் மூக்கு ட்ரக்கின் பின்புறத்தை அழுத்தும்போது முன்சக்கரம் இலேசாகிறது. திருப்பும் பிடியும் பிரேக் பிடிக்கும் வலுவும் அங்கேதான் இருக்கின்றன. பாரத்தைப் பகிரும் ஹிட்ச் என்பது இரு பக்கமும் உருக்குத் தண்டுகள் கொண்டு, அந்தப் பாரத்தில் ஒரு பகுதியை முன்னச்சுக்கும் ட்ரெய்லரின் அச்சுக்கும் திருப்பி அனுப்புவது. குறிப்பிட்ட எடைக்கு மேல் அது இல்லாமல் இழுக்கக்கூடாது என்று பல கையேடுகள் சொல்கின்றன. அதற்குப் பதிலாகப் பலரும் பின் ஸ்பிரிங்கோடு காற்றுத் துருத்திகளைப் பொருத்தி, தாழ்ந்த பின்புறத்தை நிமிர்த்திவிடுகிறார்கள். பார்வைக்கு ட்ரக் மட்டமாக நிற்கும். முன்னச்சின் பாரம் திரும்பி வராது. கதவு எண் ஒரு கிலோவும் கூடாது. தாழ்ந்து நிற்கும் ட்ரக்காவது எச்சரிக்கிறது. நிமிர்த்தப்பட்ட ட்ரக் அதையும் செய்வதில்லை.

பிரேக் பற்றிச் சட்டம் பேசுகிறது. ஒன்ராறியோவில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இருக்கவேண்டும். ட்ரெய்லரில் பிரேக் இருப்பது மட்டும் போதாது. அதை இயக்கும் கண்ட்ரோலர் ட்ரக்கில் இருக்கவேண்டும். நான்கு முனை இணைப்பு விளக்குகளை எரியவைக்கும், பிரேக்கைப் பிடிக்காது. பிரேக்குக்குப் பொதுவாக ஏழு முனை இணைப்பு வேண்டும். ட்ரெய்லர் கழன்று போனால் தானாக பிரேக் பிடிக்கச் செய்யும் மெல்லிய கம்பியும் முன்புறத்தில் இருக்கிறது. அதை ட்ரக்கின் உடலோடு மாட்டாமல் பாதுகாப்புச் சங்கிலியில் மாட்டிவைப்பதும், அதற்கு மின்சாரம் தரும் பற்றரியைச் செத்த நிலையில் விடுவதும், முகாம் வாசலில் எந்த நாளும் காணக்கூடியவை.

இப்போது எச்சரிக்கவேண்டிய தனிக் காரணமும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் வாங்கப்பட்ட ட்ரெய்லர்கள் கைமாறும் காலம் இது. அவற்றோடு வந்த டயர்களில் பல ஐந்து ஆண்டைத் தாண்டிவிட்டன. ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை. வெயிலிலும் பனியிலும் ஒரே இடத்தில் பாரத்தோடு நின்று, உள்ளே வெடித்துச் சாகிறது. தடம் புதிதாகவே தெரியும். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்கவேண்டும். 1421 என்றால் 2021ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது. ஒன்ராறியோவில் ட்ரெய்லர் இலக்கத் தகடு ஒருமுறை வாங்கினால் போதும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டியதில்லை. அதாவது, விற்ற நாளுக்குப் பிறகு, அது மீண்டும் கைமாறும்வரை, அந்த ட்ரெய்லரைப் பற்றிக் கேட்கும் சந்தர்ப்பமே அரசுக்கு வருவதில்லை.

வேகம் இதோடு சேர்கிறது. ட்ரெய்லருக்கென்று செய்யப்படும் டயர்களில் பல, மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதற்கென்று வகுக்கப்பட்டவை அல்ல. 400 வரிசை நெடுஞ்சாலைகளின் பல பகுதிகளில் இப்போது எல்லை 110. கலிபோர்னியாவில் எதையாவது இழுத்துச் செல்லும் எந்த வாகனமும் மணிக்கு 55 மைலை, அதாவது சுமார் 88 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. ஒன்ராறியோவில் பெரிய வணிக ட்ரக்குகளுக்கு 105 கிலோமீட்டரில் நிறுத்தும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 2009 முதல் கட்டாயம். தொழில்முறைச் சாரதிக்கு இந்தக் கட்டுப்பாடு. வருடத்தில் சில வாரஇறுதிகள் மட்டும் ட்ரெய்லர் இழுப்பவருக்கு அதுவும் இல்லை.

சாரதி அனுமதிதான் இந்தப் பிரச்சினையின் நடுப்பகுதி. ஒன்ராறியோவின் ஜீ வகுப்பு அனுமதிப்பத்திரம் உள்ளவர் 4,600 கிலோ வரை ட்ரெய்லர் இழுக்கலாம். அந்த அனுமதிக்கான சாலைப் பரீட்சை சிறு காரிலேயே நடக்கலாம். ட்ரெய்லரைப் பின்னோக்கி நகர்த்தத் தெரியுமா, நிற்க எவ்வளவு தூரம் வேண்டும், இறக்கத்தில் எந்தக் கியர் என்று எவரும் கேட்பதில்லை. சிறிய காரில் தேறியவர் மறுநாளே ட்ரக்கும் ட்ரெய்லருமாக 6 டன் எடையை 401ஆம் நெடுஞ்சாலையில் ஓட்டிச் செல்லலாம். எல்லாம் சட்டப்படியே.

வேறு வழி இல்லை என்று சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண கார் அனுமதியோடு 750 கிலோ ட்ரெய்லரை இழுக்கலாம். அதைவிடக் கனமானால் வாகனமும் ட்ரெய்லரும் சேர்ந்து 3,500 கிலோவுக்குள் இருக்கவேண்டும். 4,250 கிலோ வரை போகவேண்டுமானால் கூடுதல் பயிற்சியோ பரீட்சையோ உண்டு. அதற்கும் மேலே தனி வகுப்பு. கனடாவிலேயே பிரிட்டிஷ் கொலம்பியா, 4,600 கிலோவைத் தாண்டும் பயண ட்ரெய்லருக்குத் தனி அங்கீகாரம் கேட்கிறது. எதிர்த்திசையில் போன நாடும் உண்டு. பிரிட்டன் 2021 டிசம்பர் 16 முதல் தனிப் பரீட்சையைக் கைவிட்டு, 3,500 கிலோ வரை இழுக்கக் கார் அனுமதியே போதும் என்றாக்கியது. லண்டனில் உள்ள நம் வாசகர்களும் இதை மனத்தில் கொள்ளவேண்டும். பரீட்சை போனதால் பாரம் குறைந்துவிடவில்லை.

விற்பனைத் தளத்தில் நடப்பதையும் சொல்லவேண்டும். ட்ரக் விற்பவர் ட்ரெய்லரைப் பார்ப்பதில்லை. ட்ரெய்லர் விற்பவர் ட்ரக்கின் கதவைத் திறப்பதில்லை. இருவரும் தத்தம் எண்ணைச் சொல்லி ஒதுங்குகிறார்கள். இரண்டையும் கூட்டிக் கழிக்கும் பொறுப்பு, அந்தக் கணக்கு ஒன்று இருப்பதையே அறியாத வாடிக்கையாளரிடம் விடப்படுகிறது. வாடகைக்கு எடுப்பவர் நிலை இன்னும் மோசம். வெள்ளிக்கிழமை மாலை யாரோ ஒருவரின் வீட்டு முற்றத்தில், குளியலறையும் அடுப்பும் எப்படி வேலை செய்கின்றன என்று விளக்கிவிட்டுச் சாவியைக் கொடுக்கிறார்கள். ஏழு இருக்கை கொண்ட மினிவான் பல, உரிய பொருத்துகளோடும் 1,600 கிலோவுக்கு மேல் இழுக்கக்கூடாதவை. ஏழு இருக்கையிலும் ஆளை ஏற்றினால் அந்த எண்ணும் நிற்காது. மினிவானைப் பார்த்துவிட்டு வாடகையை மறுப்பது கொடுப்பவரின் நல்லெண்ணத்தைப் பொறுத்ததாக இருக்கிறது.

எத்தனையோ பேர் ஆண்டாண்டாக இழுத்துப் போய்ப் பத்திரமாகத் திரும்புகிறார்களே என்று கேட்கப்படும். உண்மைதான். மட்டமான சாலையில், காற்றில்லாத நாளில், எல்லை தாண்டிய பாரம் தன்னைக் காட்டிக்கொள்ளாது. அதைக் காட்டுவது சுப்பீரியர் ஏரிக்கரையை ஒட்டி 17ஆம் நெடுஞ்சாலை இறங்கும் மலைச்சரிவு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கொக்கிஹல்லா இறக்கம். முன்னால் போன கார் திடீரென நின்ற கணம். அப்போது பிரேக் சூடேறிப் பிடி தளரும். பத்து முறை பத்திரமாக வந்தது, பதினொன்றாவது முறைக்குச் சான்றாகாது. பத்து முறையும் எல்லை தாண்டியே வந்திருந்தால் சான்றாகவே ஆகாது.

தனிமனிதர் விருப்பத்தில் அரசு தலையிடலாமா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. அதே நெடுஞ்சாலையில் வணிக ட்ரக் சாரதி, எடைநிலையம் திறந்திருந்தால் உள்ளே போய் எடை காட்டவேண்டும். கூடினால் தண்டம் கட்டவேண்டும். பாரம் பொதுச்சாலையில் பொதுப் பிரச்சினை என்பதை அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. குடும்ப ட்ரெய்லர் அந்த வாசலைக் கடந்து போய்விடுகிறது. குடும்பத்தைக் குற்றவாளியாக்கு என்று நாம் கேட்கவில்லை. தன் எடையைத் தெரிந்துகொள்ள ஒரு வாசல் திற என்று கேட்கிறோம்.

பொறுப்பு மூன்று வகை அதிகாரங்களிடம் இருக்கிறது. வாகனப் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் அதிகாரம், இழுவைத் திறன் விளம்பரமாகும் இடத்திலெல்லாம் அந்த ட்ரக்கின் தாங்கும் திறனும் அதே அளவு எழுத்தில் வரவேண்டும் என்று விதிக்கவேண்டும். சின்ன எழுத்தில் அடிக்குறிப்பாக அல்ல. வாகன விற்பனையைக் கண்காணிக்கும் அதிகாரங்கள், ட்ரெய்லர் விற்பனைக்கும் வாடகைக்கும் ஒரு பக்கத் தாளைக் கட்டாயமாக்கவேண்டும்: இழுக்கப்போகும் வாகனத்தின் கதவு எண், ட்ரெய்லரின் உச்ச எடை, அதற்குரிய மூக்குப் பாரம், பிரேக் கண்ட்ரோலர் உண்டா இல்லையா, டயர் செய்த வாரம். விற்பவரும் வாங்குபவரும் கையொப்பமிட்டால் பத்து நிமிட வேலை. பொருந்தாவிட்டால் பொருந்தவில்லை என்று அந்தத் தாள் சொல்லவேண்டும்.

சாரதி அனுமதி வழங்கும் மாகாண அதிகாரங்களிடம் நாம் கேட்பது அதிகம். ஏற்கெனவே அனுமதி உள்ள லட்சக்கணக்கானோரை ஒரே நாளில் பரீட்சைக்கு அழைக்க முடியாது என்பது தெரியும். ஆனால் ஓர் எடைக்கு மேலே, முதன்முறையாக ட்ரெய்லரைத் தன் பெயரில் பதிபவர் ஒருநாள் பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்று விதிப்பது முடியாத காரியமல்ல. அந்தப் பயிற்சியில் ஏற்றுவது, எடை பார்ப்பது, ஆட்டம் வந்தால் செய்யவேண்டியது, இறக்கத்தில் கியர் மாற்றுவது ஆகிய நான்கும் இருக்கவேண்டும். ட்ரெய்லர் கைமாறும்போது டயர், பிரேக், சக்கர அச்சுத் தாங்கிகள் ஆகியவற்றைப் பார்த்த சான்றும் கேட்கப்படவேண்டும். பயிற்சிப் பாடம் தமிழ் உட்படக் குடியேறிய சமூகங்களின் மொழிகளில் கிடைக்கவேண்டும்.

விதிகள் வரும்வரை வாசகர்கள் காத்திருக்கவேண்டாம். ட்ரக் வாங்கக் கையொப்பமிடும் முன் அந்த ட்ரக்கின் கதவைத் திறந்து எண்ணைப் படம்பிடியுங்கள். அதே மாதிரி இன்னொன்றின் எண்ணை ஏற்காதீர்கள். குடும்பத்தின் எடையைக் கூட்டுங்கள். பிள்ளைகள் வளர்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கூட்டுங்கள். நெடுஞ்சாலையோர ட்ரக் நிறுத்தங்களில் கட்டணத்துக்கு எடை பார்க்கும் மேடைகள் உண்டு. ட்ரெய்லரோடு ஒருமுறை, ட்ரெய்லரின்றி ஒருமுறை ஏறினால் போதும். ட்ரெய்லர் மாட்டியபின் ட்ரக்கின் இரு அச்சுகளில் விழும் எடையிலிருந்து, ட்ரக் மட்டும் நின்ற எடையைக் கழித்தால் மூக்குப் பாரம் வந்துவிடும். அரை டன் போதாது என்று கணக்கு சொன்னால், அதைவிடக் கனமான முக்கால் டன் வகை ட்ரக்கைப் பாருங்கள். அது கட்டுப்படியாகாவிட்டால் ட்ரெய்லரைச் சிறிதாக்குங்கள். ட்ரெய்லரைச் சிறிதாக்குவதே மலிவு.

மாகாண நெடுஞ்சாலைகளில் எடைநிலையங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. விக்டோரியா தின வாரஇறுதிக்கு முந்திய இரண்டு சனிக்கிழமைகளில் அவற்றைக் குடும்பங்களுக்குத் தண்டமின்றித் திறந்துவிடலாம். ட்ரெய்லரோடு வருபவருக்கு அச்சுவாரியாக எடை எழுதிய ஒரு துண்டுச்சீட்டையும், கதவு எண்ணைக் காட்டி விளக்க ஓர் ஊழியரையும் கொடுத்தால் போதும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய கருவி வேண்டாம். பொறுப்பிலுள்ள அதிகாரங்கள் இதை வரும் மே மாதத்திலேயே தொடங்கவேண்டும்.